குளிரோடும் வெயிலோடும் மல்லுக்கட்டிய சார்லஸ் கெட்டரிங்

காலையில வண்டியை எடுக்கிறப்போ ஒரு பட்டனை அழுத்துறீங்க. இன்ஜின் உறுமுது, கிளம்பிடுறீங்க. அந்த ஒரு நொடிக்குப் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு யோசிச்சதுண்டா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துல, ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தவர் சார்லஸ் ஃப்ராங்க்ளின் கெட்டரிங். கடுங்குளிரும் கொளுத்துற வெயிலும் மாறி மாறி வர்ற ஊர் அது. இந்த ரெண்டும் இன்ஜினை என்ன பாடு படுத்தும்கிறதுதான் இவர் வாழ்க்கையோட பெரும்பகுதி.

படிப்பை நிறுத்திய கண்

சின்ன வயசுலேர்ந்தே இவருக்குக் கண் பிரச்சினை. புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் பாதியில் நிறுத்திட்டு டெலிபோன் கம்பம் நடுற வேலைக்குப் போனார். திரும்பி வந்து எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடிச்சப்போ வருஷம் 1904, வயசு கிட்டத்தட்ட 28. உங்க வகுப்புல யாராவது அரியர், பிரேக் இயர்னு சோர்ந்து உட்கார்ந்திருந்தா இதைச் சொல்லுங்க.

அடுத்து டேட்டன் நகரத்துல நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை. கடைக்காரர் கையால சுத்துற கல்லா மெஷினை மின்சார மோட்டார்ல ஓட வச்சார். அங்க கத்துக்கிட்ட ஒரு பாடம் பின்னாடி பெருசா உதவுச்சு.

ஹேண்டில் போட்ட காலம்

அப்போ காரை ஸ்டார்ட் பண்ணணும்னா முன்னாடி நின்னு இரும்பு ஹேண்டிலைக் கையால சுத்தணும். குளிர்காலத்துல ஆயில் கூழ் மாதிரி கெட்டியாகிடும், சுத்தவே முடியாது. பெட்ரோலும் சரியா ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் தீப்பிடிக்காது. ஸ்பார்க் கொஞ்சம் முன்கூட்டியே விழுந்தா ஹேண்டில் திருப்பி அடிக்கும். கை முறிஞ்சவங்க ஏராளம். குளிர் வந்தாலே காரை ஷெட்டுல ஏத்திட்டு, வசந்தம் வந்தப்புறம் வெளியே எடுத்தவங்களும் உண்டு.

மோட்டார் வச்சுச் சுத்தலாமேன்னு பலர் யோசிச்சாங்க. ஆனா கணக்குப் போட்டா காருக்குள்ள அடங்காத அளவுக்குப் பெரிய மோட்டார் தேவைப்பட்டுச்சு. இங்கதான் கல்லா மெஷின் பாடம் வேலை செஞ்சது. நாள் முழுக்க ஓடுற மோட்டார் வேணாம், சில நொடி ஓடினாப் போதும். அந்தச் சில நொடிக்கு ஒரு சின்ன மோட்டார்ல அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தலாம். சூடேறுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். எட்வர்ட் டீட்ஸோட சேர்ந்து 1909-ல் ஆரம்பிச்ச டெல்கோ நிறுவனம், டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில இதை உருவாக்குச்சு. 1912 மாடல் கேடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. உங்க வண்டியில இன்னைக்கும் அதே தத்துவம்தான். அதனாலதான் பட்டனை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு மெக்கானிக் அண்ணன் திட்டுறார்.

வெயிலில் தோற்ற இன்ஜின்

1920-லேர்ந்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். இப்போ குளிருக்கு இன்னொரு வைத்தியம் யோசிச்சார். ரேடியேட்டர் தண்ணிதானே உறைஞ்சு போகுது? தண்ணியே வேணாம். சிலிண்டரைச் சுத்திச் செம்புத் தகடுகளைப் பத்தவச்சு, ஃபேன் காத்தால குளிரவைக்கலாம். எடையும் குறையும், செலவும் குறையும்.

பனியில உறைய அதுல எதுவும் இல்ல. ஆனா சூடு ஏறினதும் பவர் விழுந்துச்சு; ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கிச்சு. 1923-ல் செவ்ரலே தயாரிச்ச 759 கார்ல வாடிக்கையாளர் கைக்குப் போனது சுமார் நூறுதான். அதையும் திரும்ப வாங்கிட்டாங்க. கெட்டரிங் ராஜினாமா பண்றேன்னு நின்னார். கம்பெனித் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடல. ஒரு சீசனுக்கு மட்டும் டிசைன் பண்ணினா இன்னொரு சீசன் கணக்குத் தீர்த்துடும்.

இலையில் கிடைத்த துப்பு, ஈயத்தில் முடிந்த கதை

இன்னொரு தலைவலி, நாக்கிங். இன்ஜின் சூடாக, உள்ளே போற காத்தும் சூடாக, பெட்ரோல் கலவை தாறுமாறா வெடிச்சு 'டக் டக்'னு தட்டும். கெட்டரிங்கோட இக்னிஷன்தான் காரணம்னு பழியும் வந்துச்சு. கம்ப்ரஷனைக் கூட்டினா அதே பெட்ரோலுக்கு அதிக மைலேஜ் கிடைக்கும். ஆனா நாக்கிங் விடாது. அதாவது இது நேரடியா எரிபொருள் செலவுப் பிரச்சினை.

பனி விலகும் முன்னரே பூக்கிற ஒரு செடியோட இலையின் அடிப்பக்கம் சிவப்பா இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை இழுக்குதோ, எரிபொருளைச் சிவப்பாக்கினா சீக்கிரம் ஆவியாகுமோன்னு ஊகிச்சார். உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி கைக்குக் கிடைச்ச அயோடினைக் கலந்தார். நாக்கிங் குறைஞ்சது! வேற சிவப்புச் சாயம் கலந்தப்போ குறையல. ஊகம் தப்பு, ஆனா ஒரு ரசாயனத்தால நாக்கிங்கை அடக்க முடியும்னு தெரிஞ்சுபோச்சு. பல வருஷத் தேடலுக்குப் பிறகு, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் கிடைச்சது. துளி கலந்தாலே போதும்.

ஆனா அது ஈயம், விஷம். 1924 அக்டோபர்ல நியூ ஜெர்சி ஆலையில ஐந்து தொழிலாளிகள் செத்தாங்க. விற்பனை கொஞ்ச காலம் நின்னு, 1926-ல் மறுபடி தொடங்குச்சு. ஆல்கஹாலும் நாக்கிங்கைக் குறைக்கும்னு கெட்டரிங் குழுவுக்குத் தெரியும். ஆனா காப்புரிமையும் லாபமும் ஈயத்துப் பக்கம் இருந்துச்சு. இந்தியா முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000-ல்தான். உலகத்துலேயே கடைசியா அல்ஜீரியா நிறுத்தினது 2021-ல். இடையில எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசிச்சாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

இன்னைக்கும் சீசன் விடுவதில்லை

அமெரிக்காவில் குளிர்காலப் பெட்ரோல்ல சீக்கிரம் ஆவியாகிற, விலை மலிவான பியூட்டேனைக் கூடுதலாகக் கலக்குறாங்க. வெயில் காலத்துல அதைக் குறைக்கணும், அதனால தயாரிப்புச் செலவு ஏறுது. வெளியே மைனஸ் 7 டிகிரி இருந்தா, 25 டிகிரியில் கிடைக்கிறதை விட நகர ஓட்டத்தில் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். பெட்ரோல் மலிவு, ஆனா கூடுதலா குடிக்கும். வெயில்ல காத்தோட அடர்த்தி குறையும், பவர் குறையும். நாக் சென்சார் பார்த்து ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும்.

கெட்டரிங் கடைசி வரைக்கும் ஓயல. ரயிலுக்கான டீசல் இன்ஜின் செஞ்சார். புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பேர் கொடுத்தார். இலை எப்படி வெயிலைப் பிடிச்சு எரிபொருளாக்குதுன்னு அறிய ஆராய்ச்சிக்குப் பணம் செலவிட்டார். 1958 நவம்பர் 25 அன்று டேட்டன்ல காலமானார்.

அவர் செஞ்ச ஸ்டார்ட்டர் கோடிக்கணக்கான கைகளைக் காப்பாத்துச்சு. அவர் விற்ற ஈயம் எண்ண முடியாத பேரைப் பாதிச்சது. ரெண்டும் ஒரே மூளையிலிருந்து வந்தது. நாளைக்கு உங்க ப்ராஜெக்ட் ஓடுதான்னு பார்க்கிறப்போ, எந்தச் சீசன்ல ஓடுதுன்னும் பாருங்க, யாரோட நுரையீரல் வழியா ஓடுதுன்னும் பாருங்க.