திண்டுக்கல்லில் எட்டு வருஷம்

மலைக்கோட்டைக்கு நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க? நான் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஏழெட்டு தடவை போயிருக்கேன். போனதெல்லாம் செல்ஃபிக்கும் காத்துக்கும்தான். நாட்டை இழந்த ஒரு ராணி இந்தத் திண்டுக்கல் சீமையில் உட்கார்ந்து எட்டு வருஷம் தன் அரசாங்கத்தை நடத்தினாங்கன்னு போன மாசம்தான் ஒழுங்கா படிச்சேன். வேலு நாச்சியார்.

வாள் பிடிச்ச ராணியா அவங்களை உங்களுக்குத் தெரியும். ஸ்கூல் மாறுவேடப் போட்டியில வருஷத்துக்கு ரெண்டு பேராவது அந்த வேஷத்துல வருவாங்க. எனக்குப் பிடிச்சது வாளை எடுக்காம இருந்த அந்தக் காலம்.

1730இல் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்தவர். ஆயுதப் பயிற்சியோட உருதும் கத்துக்கிட்டாங்க (இதை ஞாபகம் வச்சுக்கோங்க). சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கல்யாணம் பண்ணாங்க. 1772 ஜூனில் ஆற்காடு நவாப் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கினப்போ மன்னர் கொல்லப்பட்டார். சிவகங்கை நவாப் கைக்குப் போச்சு. ஊர் பேரையே உசேன் நகர்னு மாத்திட்டாங்க.

ராணிகூட மிஞ்சினது சின்னப் பொண்ணு வெள்ளச்சி, வயசான பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள், கொஞ்சம் விசுவாசமான ஆட்கள். நிலம் இல்லை, வரி வருமானம் இல்லை. தைரியமா இடம் கொடுத்தவர் விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர். மலைவாழைக்குப் பேர் போன அதே விருப்பாச்சிதான், ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனி போற பக்கம்.

ஏன் இங்க வரணும்? மேப் எடுத்துப் பாருங்க. அப்போ திண்டுக்கல் மைசூர் கையில் இருந்தது. நவாப் நினைச்ச நேரத்துக்கு இங்க படை அனுப்ப முடியாது. அதுவும் இல்லாம, மைசூரை ஆண்ட ஹைதர் அலியே 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா வந்து மேல ஏறினவர். இந்த ஊர் அவருக்கு அத்துப்படி.

1772 டிசம்பர் 8ஆம் தேதி தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுல அழுகை இல்லை, கணக்கு இருந்தது: 5000 குதிரைப்படை, 5000 காலாட்படை. நாடே இல்லாத ஒரு அரசாங்கம் இன்னொரு அரசுகிட்ட சமமா நின்னு கேட்குது, யோசிச்சுப் பாருங்க. பின்னாடி ராணியே ஹைதரைச் சந்திச்சு உருதுல பேசினாங்க. அந்த உருதைக் கேட்டு அசந்து போய் அவர் படை கொடுத்தார்னு கதையைச் சுருக்கமா முடிச்சிடுவாங்க. அப்படின்னா சிவகங்கை ஏன் 1780 வரைக்கும் காத்திருந்தது?

ஹைதருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் உதவணும்னு 1769இல் கம்பெனி அவரோட ஒப்பந்தம் போட்டது. மராத்தியர் மைசூரைத் தாக்கினப்போ கம்பெனி வரவே இல்லை. அந்தக் கோபம் அவருக்குள்ள இருந்தது, ஆனா போருக்கு நேரம் வரல. 1779இல் மாஹேயை ஆங்கிலேயர் பிடிச்சதும் பொறுமை போச்சு. 1780 ஜூலையில் ஆற்காட்டுச் சீமைக்குள்ள இறங்கினார். நவாபும் கம்பெனியும் வடக்கே திணறின அதே வருஷம் வேலு நாச்சியார், மருது சகோதரர்கள், மைசூர் உதவிப்படை எல்லாம் சேர்ந்து சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சாங்க.

நடுவுல எட்டு வருஷம். நம்ம பி.இ.யை ரெண்டு தடவை முடிக்கலாம். தாண்டவராய பிள்ளை வெற்றியைப் பார்க்காமலே இறந்துட்டார். வெள்ளச்சி வளர்ந்துட்டா. ராணி விருப்பாச்சியிலும் திண்டுக்கல் கோட்டையிலும் இருந்தபடி ஆள் சேர்த்தாங்க, பாளையக்காரர்களோட உறவைக் காப்பாத்தினாங்க, ஹைதரோட நட்பை அறுந்து போகாம பார்த்துக்கிட்டாங்க. மூணு கம்பெனி இன்டர்வியூவுல வெளிய வந்த வாரத்துல படிச்சதாலயோ என்னவோ (இது கேம்பஸுக்கு வந்த கம்பெனி), எனக்குப் போரைவிட இந்த இடம்தான் மனசுல நின்னுடுச்சு.

ஜெயிச்சதும் சிவகங்கையை ஆண்டு, மருது சகோதரர்களைப் பொறுப்பில் வச்சு, 1796இல் மறைஞ்சாங்க. இடம் கொடுத்த கோபால நாயக்கர் கதை அப்படி முடியல. அவரும் கம்பெனிக்கு எதிரா பாளையக்காரர்களைச் சேர்த்து, 1801இல் பிடிபட்டு, திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நாம தினமும் பேர் சொல்ற கோபாலசமுத்திரம் அவரோட ஞாபகம்தான். விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கு. செமஸ்டர் லீவுல போறேன், யாராவது வர்றீங்களா?