சீனப் பெருஞ்சுவரும் உப்பள வரப்பும்

முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கவிதை நமக்கு வராது. படித்தது பொருளாதாரம், அதைப்பற்றி எழுதினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பந்தோடு வருகிறவனை நிறுத்துவது. நம் கல்லூரிக் கால்பந்து அணியில் 1986 முதல் 1989 வரை ரைட் பேக் ஆடியவன் நான். அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் நேரில் பார்த்தே இராத ஒரு வங்காளி. பெயர் கோஷ்டா பால். அவரைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு பாவமன்னிப்பு.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது டிபார்ட்மெண்டுகளுக்கு இடையே நடந்த மேட்ச். அப்போதுதான் வாழ்க்கையில் முதன்முதலாக பூட்ஸ் வாங்கியிருந்தேன். மரக்காணம் உப்பளத்துப் பையன் காலில் பூட்ஸ் ஏறினால் என்ன ஆகும்? தலைகால் புரியவில்லை. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் லெப்ட் விங்கில் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். நல்ல வேகம். நான் ஓடிப்போய்ச் சறுக்கி விழுந்து காலை விட்டேன். பந்து போய் அரை விநாடி ஆகியிருந்தது. என் பூட்ஸ் அவன் முழங்காலுக்குக் கீழே பட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. எலும்பு முறிவு. அந்த வருடத் தேர்வையே அவன் எழுத முடியவில்லை.

நம்ம பி.டி. சார் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் பூட்ஸ் இல்லாமல் கிரவுண்டுக்கு வரச்சொன்னார். சார் இளவயதில் கொஞ்ச காலம் கல்கத்தாவில் இருந்தவர். வேப்பமரத்தடியில் உட்காரவைத்து கோஷ்டா பால் கதையைச் சொன்னார். அன்று கேட்டதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோஷ்டா பால் பிறந்தது 1896 ஆகஸ்டு 20-ம் தேதி, இன்று பங்களாதேஷில் இருக்கிற போஜேஸ்வர் என்ற ஊரில். அன்று அது பரீத்பூர் ஜில்லா. சின்ன வயதிலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். சாமி சிலை செய்கிறவர்கள் வாழும் குமார்துலி வட்டாரத்தில்தான் பந்து விளையாட ஆரம்பித்தார். அவருக்குப் பதினான்கு பதினைந்து வயதிருக்கும்போது ஒரு பெரிய சம்பவம் நடந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால். கல்கத்தாவில் பந்து உதைக்கும் பையன்களுக்கெல்லாம் அன்று கண் திறந்தது. ஓரிரு ஆண்டுகளிலேயே பாலும் அந்த அணிக்குள் வந்துவிட்டார். 1935 வரை அங்கே ஆடினார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வேலை: பின்னால் நின்று தடுப்பது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரே வருகிறவன் பட்டாளத்துக்காரன். காலில் கனமான தோல் பூட்ஸ், அடியில் ஸ்டட். தடுக்கிறவர் வெறுங்கால். கல்கத்தாவில் லீக் நடப்பதோ மழைக்காலத்தில். சேறும் சகதியுமான தரையில் பூட்ஸ் பிடித்து நிற்கும், வெறுங்கால் வழுக்கும். இந்த நிலையில் பூட்ஸோடு நேருக்கு நேர் காலை மோதினால் யார் கால் உடையும்? பாலுக்கு நல்ல உயரம், திடமான உடம்பு, பந்தை வெகுதூரம் உதைத்துத் தள்ளும் பலம் எல்லாம் இருந்தன. ஆனால் பலத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு சீசன்கூடத் தாங்கியிருக்கமாட்டார்.

வெறுங்காலோடு பூட்ஸை எதிர்கொள்கிறவனுக்கு ஒரே வழிதான் என்று சார் விளக்கினார். எதிரியின் காலும் பந்தும் ஒன்றாக இருக்கும்போது உள்ளே போகக்கூடாது. ஓடுகிறவன் பந்தைத் தட்டியதும் அது அவன் காலைவிட்டு ஒரு சாண், இரண்டு சாண் விலகும். அந்த நொடியில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. அப்போது போய் எடுக்கணும். முந்தினால் ஏமாந்துபோவாய், பிந்தினால் ஒருத்தன் காலை உடைப்பாய். நான் பிந்தியவன்.

பாலை எதிர்த்து ஆடியவர்கள் அவரைத் தாண்டிப்போக முடியாமல் தவித்தார்கள். கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகை வட்டாரம் அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்று பட்டம் கொடுத்தது. வங்காளிகள் அதையே சீனேர் பிராச்சீர் என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1920-களில் மோகன் பகானுக்குத் தலைவராக இருந்தார். 1933-ல் இலங்கைக்குப் போன இந்திய அணிக்கும் அவரே தலைவர். அங்கே இலங்கை அணியை 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

இப்போது தம்பி தங்கைகள் கவனிக்கவேண்டிய ஒரு கணக்கு. 1911-ல் ஷீல்டு வென்ற மோகன் பகான் அடுத்த முறை அதை வென்றது 1947-ல். கல்கத்தா லீகை முதன்முதலாக வென்றது 1939-ல். அதாவது பால் ஆடிய அத்தனை வருடங்களிலும் அந்த இரண்டு பெரிய கோப்பைகளும் கைக்கு வரவே இல்லை. 1923-ல் ஷீல்டு இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். அவர் ஆடுவதை நிறுத்தி நான்கு வருடம் கழித்துத்தான் லீக் கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் கல்கத்தாக்காரர் மறக்காத பெயர் எது? கோப்பை இல்லாத அந்த பேக்குடைய பெயர்தான்.

மனுஷர் வீம்புக்காரரும்கூட. கிரிக்கெட்டும் ஆடுவார். வேட்டி கட்டிக்கொண்டு பந்து வீசப்போய், வெள்ளைக்கார அணி ஆட்சேபித்து ஆட்டமே நின்றுபோனதாகக் கல்கத்தாவில் ஒரு கதை சொல்வார்கள். 1935-ல் கல்கத்தா ஃபுட்பால் கிளப்போடு நடந்த ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்புகள் ஒருதலைப்பட்சமாக இருக்கின்றன என்று, கூட்டாளிகளோடு மைதானத்திலேயே படுத்துவிட்டார். யாரையும் அடிக்கவில்லை, உதைக்கவில்லை. அத்தோடு ஆட்டத்துக்கும் முழுக்குப் போட்டார். 1962-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. கால்பந்துக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பத்மஸ்ரீ அதுதான். 1976 ஏப்ரலில் காலமானார். ஈடன் கார்டன் பக்கத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்து, 1984-ல் அங்கே சிலையும் எழுப்பினார்கள். 1998-ல் தபால்தலை வந்தது.

கதை முடிந்ததும் சார் பயிற்சியை ஆரம்பித்தார். சுண்ணாம்பு தீர்ந்துபோயிருந்தது. எங்க ஊர் உப்பையே ஒரு கூடை கொண்டுவரச் சொல்லி, பத்தடிக்குப் பத்தடி கட்டம் போட்டார். அதற்குள் பார்வர்டு ஒருவன், நான் ஒருவன். இருவருக்கும் வெறுங்கால். முதல் வாரம் பந்தைத் தொடவே எனக்கு அனுமதி இல்லை. உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கவேண்டும். கண் பந்தின்மேல் இருக்கணும். அவன் இடுப்பை ஆட்டுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டாம் வாரம்தான் பந்தை எடுக்கலாம். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், கணுக்கால் விறைப்பாக, பாதத்தின் உட்புறத்தால், நின்றபடியே. தரையில் விழுவது கடைசி வழி. விழுந்தவன் அதற்குமேல் யாரையும் தடுக்க முடியாது.

முதல் நாள் பின்வாங்கி நடந்தபோதே எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இது எங்க அம்மா நடை! தலையில் உப்புக்கூடையோடு ஈரமான பாத்தி வரப்பில் போகிறவர்கள் இப்படித்தான் போவார்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, குறுகிய அடியாக, குதிகாலை அழுத்தாமல். அவசரப்பட்டால் கூடையோடு பாத்திக்குள் விழவேண்டியதுதான். உப்புநீரில் வெடித்துப்போன அந்தக் கால்களைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் நான் பூட்ஸ் வாங்கினேன். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கால்களிடமே இருந்திருக்கிறது.

வெறுங்கால்தான் உசத்தி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 1-2 என்று கௌரவமாகத் தோற்றார்கள். 1952-ல் ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகு பூட்ஸ் போடாமல் ஆடமுடியாது என்று ஆகிவிட்டது. அது சரிதான். பூட்ஸும் வேண்டும், காலுறைக்குள் ஷின் கார்டும் வேண்டும். ஆனால் காலில் ஒன்றும் இல்லாதவனுடைய நிதானம் பூட்ஸ் போட்டவனுக்கும் இருக்கணும்.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாகக் கொல்கத்தா போயிருந்தேன். அந்தச் சிலையைத் தேடிப்போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். டாக்சி டிரைவர் கோயில் என்று நினைத்திருப்பார்.

கால் உடைந்த தம்பி என்ன ஆனான் என்று சொல்லவேண்டும் அல்லவா? ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். பயிற்சியில் அதே லெப்ட் விங்கில் பந்தோடு என்னை நோக்கி வந்தான். கிரவுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எனக்கோ கை நடுங்கியது. நான் பின்வாங்கினேன், இன்னும் பின்வாங்கினேன். பந்து அவன் காலைவிட்டு விலகியது. எடுத்தேன். அவன்மேல் என் நிழல்கூடப் படவில்லை. திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறான்.

அந்த வருடமும் நாம் கோப்பை எதுவும் ஜெயிக்கவில்லை. அது கிடக்கட்டும். இந்த ஒன்றுகூடலுக்கு அவனும் வருகிறான். மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவைக்கச் சொல்லியிருக்கிறான். வேப்பமரத்தடியில் எங்கள் இருவரையும் பார்த்தால், இப்போது அணியில் பேக் ஆடுகிற பிள்ளைகள் வந்து பேசுங்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள். உப்பு நான் கொண்டுவருகிறேன்.