கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

இந்த மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதித் தரணும்னு சொன்னாங்க. நம்ம கடலூர் முதுநகர்ல பிறந்த சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாளை வேற குழு எடுத்துக்கிட்டாங்க. நான் கே.பி. சுந்தராம்பாள் அம்மாவை எடுத்துக்கிட்டேன். அவங்க ஈரோட்டுப் பக்கம் கொடுமுடிக்காரங்களாச்சே, நம்ம மாவட்டத்துக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் கேட்டாங்க. சம்பந்தம் இருக்கு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

சுந்தராம்பாள் 1908-ம் வருஷம் காவிரிக்கரையில இருக்கிற கொடுமுடியில பிறந்தாங்க. அம்மா பேர் பாலாம்பாள். சின்ன வயசிலேயே அப்பா இல்லாமப் போயிட்டார். மூணு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்தத் தாய் பட்ட பாடு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில காசு கிடையாது, நிலம் கிடையாது. ஆனா மூத்த பெண்ணுக்குத் தொண்டையில ஒரு சொத்து இருந்தது. ரயில்ல பாட்டுப் பாடி, கிடைச்ச காசைக் கொண்டுவந்து வீட்டுல கொடுத்த குழந்தை அது.

அப்படிப் பாடும்போது நாடகத்துல ஈடுபாடு உள்ள நடேச அய்யர் என்கிற ரயில்வே அதிகாரி காதுல அந்தக் குரல் விழுந்தது. அவர் மூலமா வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்தாங்க. முதல்ல கிடைச்சது நல்லதங்காள் நாடகத்துல ஒரு பையன் வேஷம். பசியில அழுது பாடுற பிள்ளை. பசியை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது. பார்த்த ஜனங்களும் சேர்ந்து அழுதாங்களாம்.

அது மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் பாட்டு ஒவ்வொரு எழுத்தாக் கேக்கணும். சுந்தராம்பாள் குரல் அப்படிக் கேட்டது. இலங்கை வரைக்கும் போய் நடிச்சாங்க. அங்கதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோட சேர்ந்து மேடை ஏறினாங்க. அவரும் பெரிய பாடகர். ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பாடுறதைக் கேக்க ஊர் ஊரா ஜனம் திரண்டுச்சு. 1927-ல ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு. கிட்டப்பாவுக்கு முன்னாடியே ஒரு மனைவி இருந்தாங்க. சாதியும் வேற. அதனால அந்த வாழ்க்கை நிம்மதியா இல்லை. பிறந்த குழந்தையும் தங்கலை. குடிப்பழக்கத்தால கிட்டப்பா உடம்பு கெட்டு, 1933 டிசம்பர்ல இறந்துபோனார். அப்ப சுந்தராம்பாளுக்கு வயசு 25.

அன்னையிலேர்ந்து வெள்ளைச் சேலைதான். நகை போடலை. இனி எந்த ஆணோடும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணி, கடைசி வரைக்கும் அதை மாத்தவே இல்லை.

இப்ப நம்ம சிதம்பரம் கதைக்கு வர்றேன். கொள்ளிடக்கரை ஆதனூர்ல பிறந்த நந்தனார், தாழ்த்தப்பட்ட சாதியில பிறந்த பண்ணையாள். தில்லைக்குப் போய் நடராஜரைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டவர். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார்னு பேர் வாங்கினவர். அவர் பேர்ல சுவாமி சகஜானந்தர் 1916-ல சிதம்பரத்துல தொடங்கின பள்ளிக்கூடத்துல படிச்சவங்க நம்ம குடும்பங்கள்ல நிறையப் பேர் இருக்காங்க. ஓமக்குளத்துப் பக்கம் போறவங்களுக்கெல்லாம் நந்தனாரைத் தெரியும்.

அந்த நந்தனார் கதையைப் படமா எடுக்கணும்னு அசன்தாஸ் என்கிறவர் சுந்தராம்பாளைத் தேடி வந்தார். கணவர் போன துக்கத்துல இருந்த அவங்களுக்கு நடிக்க இஷ்டமில்லை. எப்படியாவது ஆள் போயிட்டாப் போதும்னு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கேட்டாங்களாம். அணாக் கணக்குல கூலி வாங்கின காலம் அது. ஒரு லட்சம்னா யாரும் கனவுல கூட நினைக்க முடியாது. ஆனா அவர் சரின்னு சொல்லிட்டார்! 1935-ல பக்த நந்தனார் வெளிவந்தது. நந்தனாரா நடிச்சது சுந்தராம்பாள், பண்ணையார் வேதியரா நடிச்சது மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கின முதல் நடிகர் ஒரு பெண்தான், அதுவும் ஒரு விதவைப் பெண் என்பதை நாம மறக்கக் கூடாது.

இதுல என் மனசைத் தொட்டது ஒண்ணு. ஜோடியா நடிக்கக் கூடாதுன்னு தனக்குத் தானே கதவைச் சாத்திக்கிட்டவங்க, வேற கதவைத் திறந்துக்கிட்டாங்க. ஆண் வேஷம் போட்டாங்க, துறவி வேஷம் போட்டாங்க, கிழவி வேஷம் போட்டாங்க. 1953-ல ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் படத்துல அவங்கதான் ஔவை. 1964-ல பூம்புகார் படத்துல கவுந்தி அடிகள். 1965-ல திருவிளையாடல்ல மறுபடியும் ஔவை. இன்னைக்கும் நம்ம ஊர் அம்மன் கோயில் திருவிழாவுல ரேடியோ செட் போட்டா, விடியக்காலம் முதல்ல கேக்கிறது அவங்க குரல்தான்.

படத்தோட நிக்கலை. கதர் கட்டி, காங்கிரஸ் மேடைகள்ல சுதந்திரப் பாட்டுப் பாடினாங்க. அவங்க பாடினா கூட்டம் தானா சேரும்னு சத்தியமூர்த்திக்குத் தெரியும். காந்தி கொடுமுடி வீட்டுக்கே வந்தப்ப தங்கத் தட்டுல சாப்பாடு வச்சாங்களாம். சாப்பிட்டு முடிச்சதும் அவர் அந்தத் தட்டையும் கேட்டு வாங்கி, பொதுக் காரியத்துக்காக ஏலம் விட்டார்னு சொல்வாங்க. சென்னை மாகாண சட்ட மேலவையில உறுப்பினராவும் இருந்தாங்க. சொந்த ஊர்ல சினிமா தியேட்டர் கட்டினாங்க. 1969-ல வந்த துணைவன் படத்துல பாடினதுக்கு தேசிய விருது கிடைச்சது. 1970-ல பத்மஸ்ரீ. 1980-ல காலமானாங்க.

சகோதரிகளே, எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. 25 வயசுப் பெண் வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சேலையில இருந்ததைப் பெருமையாச் சொல்றோம். அது அவங்களா எடுத்த முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனா அதையே மத்த பெண்களுக்குச் சட்டமா ஆக்கிடக் கூடாது. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு மூலையில உட்காரலை. கோயில் திருவிழாவுல, கல்யாண மேடையில, கச்சேரியில, சட்ட மேலவையில, எல்லா இடத்துலயும் முன்னால வந்து நின்னாங்க. எதிர்ல வந்தா சகுனம் சரியில்லைன்னு எவனும் சொல்லலை. அவங்க வாயைத் திறந்து பாட மாட்டாங்களான்னு காத்துக் கிடந்தாங்க.

எங்க குழுவுல 14 பேர். அதுல மூணு பேர் கணவரை இழந்தவங்க. குழுக் கணக்கு நோட்டை எழுதுறது அவங்கள்ல ஒருத்தர்தான். பேங்க்குல கடன் வாங்கப் போனா மேனேஜர்கிட்ட தைரியமாப் பேசுறதும் அவங்கதான். இதுவரைக்கும் ஒரு தவணை கூடத் தவறினதில்லை. ஆனா வளைகாப்புன்னா வாசலோட நின்னுடுறாங்க. குழு விழாவுல குத்துவிளக்கு ஏத்தக் கூப்பிட்டா, நான் வேண்டாம்க்கா, நீங்க ஏத்துங்கன்னு பின்னாடி போயிடுறாங்க. பணத்தை நம்பி ஒப்படைக்கிற கைக்கு விளக்கு ஏத்த உரிமை இல்லையா?

அதனால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த ஆண்டு விழாவுல குத்துவிளக்கோட ஐந்து முகத்தையும் ஒவ்வொரு ஊராட்சியிலேர்ந்தும் வர்ற அப்படிப்பட்ட சகோதரிகளே ஏத்தட்டும். கூட்டத்துல தீர்மானமாப் போட்டு, மினிட் நோட்டுல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். விளக்கு ஏத்தும்போது செட்டுல சுந்தராம்பாள் அம்மா பாட்டைப் போடுவோம்.