ஓர் எழுத்துக்கு 25 ரூபாய்: விளம்பரக்கலை வல்லுநர் எஸ். எஸ். வாசன்

மணக்கும் பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள் நம் முன்னோர். ஆனால், பூக்கடை எந்தத் தெருவில் உள்ளது என்பதையே அறியாதவருக்கு அதன் மணம் எவ்வாறு எட்டும்? ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்துள்ள நம் உலு திராமில், பலகாரமும் சேலையும் விற்கும் இளையோர் முகநூலில் காசு கட்டி விளம்பரப் பதிவு போடும் காலம் இது. கட்டிய காசு பதிவைப் பலர் கண்ணில் படச் செய்யும். ஆனால், அவர்களை வாங்க வைப்பது எழுத்தேயாகும். இவ்வுண்மையை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்து, அதனாலேயே உயர்ந்தவர் எஸ். எஸ். வாசன்.

தஞ்சை மாவட்டத் திருத்துறைப்பூண்டியில் பிறந்த சீனிவாசன், இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தார். பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாத அவர், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரிக்கும் முகவரானார். அஞ்சல்வழி வணிகமும் செய்தார். கடையில் பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். அஞ்சல் வணிகத்திலோ விளம்பரத்தின் சில வரிகளை நம்பித்தான் வாங்குபவர் பணம் அனுப்ப வேண்டும். சொல்லின் விலையை வாசன் கற்ற பள்ளிக்கூடம் இதுவே எனலாம்.

1926இல் தொடங்கப்பட்ட ஆனந்த விகடன் தள்ளாடியபோது, 1928இல் வாசன் அதை 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் கொடுத்தார் என்று இன்றும் சுவையாகச் சொல்வார்கள். பரிசுப் போட்டிகள் வைத்து வாசகர்களை ஈர்த்தார். எனினும், பரிசுக்காக வந்தவர் படிப்பதற்காகவும் நிலைக்க வேண்டுமல்லவா? அதற்குக் கல்கி போன்ற எழுத்தாளர்களைத் துணைக்கொண்டார். இதழ் தமிழர் இல்லங்களில் இடம்பிடித்தது.

பின்னர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவிய வாசனுக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது சந்திரலேகா. சில ஆண்டுகள் நீடித்த இப்படத்தின் செலவு ஏறக்குறைய 30 இலட்சம் ரூபாய். தம் சொத்துகளையே அடகு வைத்தார். 1948 ஏப்ரலில் படம் வெளியானது, மக்கள் திரண்டனர். ஆனாலும், தமிழ்ப் பதிப்பு மட்டும் போட்ட முதலை மீட்டுத் தரவில்லை. வேறொருவராயின் விளம்பரச் செலவைத்தான் முதலில் குறைத்திருப்பார். வாசனோ படத்தை இந்தியில் அமைத்து, வட இந்தியப் பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் அதுவரை காணாத அளவில் விளம்பரம் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான இந்திப் பதிப்பு பெருவெற்றி கண்டு, தென்னாட்டுப் படங்களுக்கு வடக்கின் வாயிலைத் திறந்தது.

வெறும் ஆரவாரமா இந்த வெற்றியைத் தந்தது? இல்லை. பிரம்மாண்டம் என்று விளம்பரம் அறிவித்தது. மாபெரும் முரசுகளின் மீது நடனமாதர் ஆடிய காட்சி அச்சொல்லை மெய்ப்பித்தது. விளம்பரம் ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்ற வேண்டியது பொருள். வாசன் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.

1969இல் பத்மபூஷண் விருது பெற்ற வாசன், அதே ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் மறைந்தார். இன்று பத்திரிகைப் பக்கம் கைப்பேசித் திரையாக மாறியிருக்கலாம். வாங்குபவர் மனம் மாறவில்லை. எனவே, உலு திராம் முறுக்குக்குப் பதிவு எழுதும் தம்பி தங்கையரே, உலகிலேயே சிறந்தது என்று முழங்க வேண்டாம். இன்று காலை சுட்டது, விலை இவ்வளவு, இங்கே கிடைக்கும் என்று பிழையற்ற தமிழில் எழுதுங்கள், எழுதியபடியே கொடுங்கள். எட்டு எழுத்தை விலை கொடுத்து வாங்கிய வாசன், அவற்றின் மதிப்பை வாழ்நாளெல்லாம் காத்தார். நம் எழுத்துக்கும் விலையுண்டு. அதைக் காப்பது நம் கடமை.