ஏடா லவ்லேஸ் அம்மையார்

இராஜபாளையத்து ஆலை அலுவலகங்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளிலும் இன்று கணினி கணக்கெழுதுகின்றது. நாடோறும் செய்யும் வேலைக்குரிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், அப்பொறி அவற்றைத் தானே நிறைவேற்றும். இதனை ஷெல் ஸ்கிரிப்ட் என்பர். பொறிக்குக் கட்டளை நிரல் வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் ஏடா லவ்லேஸ் அம்மையார்.

இவர் 1815 டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனில் பைரன் என்னும் கவிஞரின் மகளாய்ப் பிறந்தார். சில வாரங்களிலேயே தந்தையைப் பிரிந்தார். அன்னையார் இவருக்குக் கணிதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1833இல் சார்லஸ் பாபேஜ் என்னும் அறிஞரின் நட்புக் கிடைத்தது.

பாபேஜ் கருதிய கணிதப்பொறி, ஜக்கார்டு தறியிற்போலத் துளையிட்ட அட்டைகளால் ஏவப்படுவது. அதுபற்றிய பிரெஞ்சுக் கட்டுரையை அம்மையார் 1843இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புகளைச் சேர்த்தார். பெர்னோலி எண்களைக் காணும் வழியை அட்டவணையிட்டு, சில படிகளைப் பொறி மீண்டும் மீண்டும் செய்யுமாறு வகுத்தார். பொறி தானாக ஒன்றும் படைக்காது, ஏவியதையே செய்யும் என்பது அவர் துணிபு. 1852 நவம்பர் 27இல், 36ஆம் வயதில், அம்மையார் மறைந்தார்.

அவ்வட்டவணையில் ஒரு பின்னம் தலைகீழாய் அச்சாகியுள்ளது. பொறி கட்டி முடிக்கப்படாமையால் அப்பிழை எவரையும் வருத்தவில்லை. நம் நிலை வேறு. அழிக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி பிழைபட்டாலும் ஓராண்டுக் கணக்கு நொடியில் மறையும். பொறி ஐயுறாது கீழ்ப்படியும். ஆதலின், மாணவ நண்பர்களே, கோப்புகளுக்கு முதலில் ஒரு படி எடுத்து வைப்போம். எல்.எஸ். கட்டளையால் அவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு நோக்கிய பின்னரே ஆர்.எம். கட்டளையை எழுதுவோம். கீழ்ப்படிதல் பொறியின் கடன்; ஆராய்தல் நம் கடன்.