லிட்டில் மோ

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் டியாகோ நகரில், 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மொரீன் கானலி பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயின் பராமரிப்பில் வளர்ந்த மொரீனுக்குக் குதிரைகள் என்றால் உயிர். குதிரையேற்றம் கற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆனால், பயிற்சிக் கட்டணத்தைச் செலுத்தத் தாயிடம் வசதியில்லை. எனவே, செலவு குறைந்த டென்னிஸ் விளையாட்டின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. பத்து வயதில் பொதுத் திடல் ஒன்றில் அவர் மட்டையைக் கையில் எடுத்தார்.

மொரீன் இடக்கைப் பழக்கம் உடையவர். அவருடைய முதல் பயிற்றுநர் வில்பர் ஃபோல்சம், வலக்கையால் ஆடும்படி அவரைப் பழக்கினார். மொரீன் சலிக்காமல் பல மணி நேரம் பயிற்சி செய்தார். விரைவில் அவர் அடித்த பந்துகள் வேகமாகவும் குறி தவறாமலும் பாய்ந்தன. அக்காலத்தில் ‘மிசூரி’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை மக்கள் ‘பிக் மோ’ என்று அழைத்தனர். அக்கப்பலின் பீரங்கிகளை நினைவூட்டும் வலிமை மொரீனின் ஆட்டத்தில் இருந்தது. அதனால், செய்தியாளர் ஒருவர் அவருக்கு ‘லிட்டில் மோ’ என்று பெயர் சூட்டினார். ‘சின்ன மோ’ என்பது அதன் பொருள்.

பின்னர், எலினார் டெனன்ட் என்ற புகழ்பெற்ற பயிற்றுநர் மொரீனுக்குப் பயிற்சி அளித்தார். எதிர்த்து ஆடுபவரை வெறுத்தால்தான் வெல்ல முடியும் என்ற எண்ணத்தை அவர் மொரீனின் மனத்தில் விதைத்தார். 1951ஆம் ஆண்டு, 16 வயதிலேயே மொரீன் அமெரிக்க வெற்றியாளர் பட்டத்தை வென்றார். உலகமே வியந்தது. ஆனால், வெறுப்பும் தோல்வி பற்றிய அச்சமுமே தம்மை அப்போது விரட்டிக்கொண்டிருந்தன என்பதை அவர் பின்னாளில் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

1952ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியின்போது மொரீனுக்குத் தோளில் வலி ஏற்பட்டது. போட்டியிலிருந்து விலகுமாறு டெனன்ட் கூறினார். மொரீன் அதை ஏற்கவில்லை. தொடர்ந்து ஆடிப் பட்டத்தையும் வென்றார். அத்துடன் இருவரும் பிரிந்தனர். வெற்றியுடன் ஊர் திரும்பிய மொரீனுக்குச் சான் டியாகோ மக்கள் ஒரு குதிரையைப் பரிசளித்தனர். அவரது குழந்தைப் பருவக் கனவு நிறைவேறியது.

அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியரான ஹாரி ஹாப்மனின் வழிகாட்டலில் மொரீன் ஆடினார். வெறுப்பை விடுத்து, ஆட்டத்தை விரும்பி ஆடக் கற்றுக்கொண்டார். 1953இல் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பட்டம் வென்றார். ஒரே ஆண்டில் இச்சாதனையைப் படைத்த முதல் பெண் அவரே. நான்கு போட்டிகளிலும் சேர்த்து அவர் இழந்தது ஒரே ஒரு செட்தான். அப்போது அவருக்கு வயது 18.

அந்நாளில் விம்பிள்டன் போன்ற போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அவற்றில் இடமும் இல்லை. 1954இல் பிரான்சிலும் விம்பிள்டனிலும் மீண்டும் வென்ற மொரீன், விரைவில் தொழில்முறை ஆட்டக்காரராக மாறி வருவாய் ஈட்டத் திட்டமிட்டிருந்தார். ஆனால், ஜூலை 20ஆம் நாள் அவர் குதிரையில் சென்றபோது, கடந்து சென்ற கான்கிரீட் லாரியைக் கண்டு குதிரை மிரண்டது. லாரி மோதியதில் மொரீனின் வலக்காலில் எலும்பு முறிந்தது, தசைகள் கிழிந்தன. மீண்டும் ஆட முயன்றும் கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1955ஆம் ஆண்டு தொடக்கத்தில், 20 வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். 1951 முதல் தாம் பங்கேற்ற ஒன்பது பெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பிரிவில் அவர் தோற்றதே இல்லை.

ஆட்டம் முடிந்தாலும் டென்னிஸ் மீது அவருக்கிருந்த பற்று குறையவில்லை. அதே ஆண்டு நார்மன் பிரிங்கரை மணந்து இரு பெண் குழந்தைகளுக்குத் தாயானார். செய்தித்தாள்களில் டென்னிஸ் பற்றி எழுதினார். இளையோருக்குப் பயிற்சி அளித்தார். 1966இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. நோயுடன் போராடிய நிலையிலும், 1968இல் தோழி ஒருவருடன் இணைந்து இளம் ஆட்டக்காரர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1969ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், 34ஆவது வயதில் டாலஸ் நகரில் காலமானார்.

வெறுப்பால் வெல்லக் கற்பிக்கப்பட்ட சிறுமி, அன்பால் மற்றவர்களை வளர்க்கும் பெண்ணாக உயர்ந்தார். அவர் வென்ற பட்டங்களோடு இந்த மாற்றமும் நினைவில் நிற்க வேண்டியதாகும்.