பாடும் பிரேக்மேன் ஜிம்மி ராட்ஜர்ஸ்

நம் காலனிக் குடும்பங்களிற் பலவற்றை இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது இருப்புப்பாதையே. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேன், இவ்வாண்டு மலருக்கு எதை எழுதலாம் என்று எண்ணியபோது, நம் தொழிலிலே வளர்ந்து, அத்தொழிலை நோயினால் இழந்து, பாட்டினால் புகழெய்திய ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவரே அமெரிக்க நாட்டு ஜிம்மி ராட்ஜர்ஸ். நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் ராக் இசையின் மூலவேர்களுள் ஒன்று அவருடைய குரல்.

1897ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். மிஸிஸிப்பி மாநிலத்து மெரிடியன் நகரமே அவர் ஊர். தந்தையார் இருப்புப்பாதையில் கேங் மேஸ்திரி. சிறு பிராயத்திலேயே தாயை இழந்த ஜிம்மிக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாட்டின் மீதிருந்த மோகத்தால், ஊர் ஊராகப் பாடி மருந்து விற்கும் கூட்டமொன்றுடன் பதின்மூன்றாம் வயதில் ஓடிப்போனார். தந்தையார் அவரை மீட்டு வந்து, பாதை வேலை செய்வோருக்குத் தண்ணீர் சுமக்கும் பையனாகச் சேர்த்துவிட்டார். அவ்வாறு உழைத்தவர்களிற் பலர் கறுப்பின மக்கள். கடப்பாரை வீச்சுக்கு இசைய அவர்கள் பாடிய துயரப் பாட்டுகள் சிறுவன் செவியில் ஆழப் பதிந்தன. அதுவே அவருக்குக் கிடைத்த இசைப் பள்ளி எனலாம்.

பின்னர் அவர் பிரேக்மேன் ஆனார். சரக்கு வண்டிகளைக் கோப்பதும் கழற்றுவதும், கைப்பிரேக்கைத் திருகுவதும், மழையிலும் பனியிலும் விளக்கேந்திச் சைகை காட்டுவதும் அவர் வேலை. மணம் முடித்தார், பெண் மகவுகள் பிறந்தன, அவற்றுள் ஒன்று குழந்தைப் பருவத்திலேயே மாண்டது. 1924இல் அவரைக் காசநோய் பற்றியது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று உலகில் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். இருமலால் மெலிந்த உடல் இரயில்வே வேலையைத் தாங்கவில்லை. உத்தியோகம் போயிற்று. வீட்டில் மனைவியும் மகளும். கையில் ஒரு கிட்டார் மட்டுமே மிஞ்சியது.

1927ஆம் ஆண்டு கோடையில், விக்டர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் டென்னஸி, வர்ஜினியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகருக்கு வந்து, தொப்பி வியாபாரக் கட்டிடமொன்றில் பதிவுக்கூடம் அமைத்தார். ஜிம்மி தம் குழுவினருடன் அங்கே சென்றார். பதிவுக்கு முதல்நாள் இரவு, தட்டில் யார் பெயரை அச்சிடுவது என்ற சச்சரவில் குழு உடைந்தது. மறுநாள், ஆகஸ்டு 4ஆம் நாள், ஜிம்மி தனியராகவே நின்று இரண்டு பாட்டுகளைப் பாடினார். அவை பேரளவில் விற்கவில்லை. அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. அழைப்புக்குக் காத்திராமல் தாமே நியூயார்க் சென்று பியரை அணுகினார். அதன் பயனாக நவம்பர் 30ஆம் நாள் பதிவானதே முதலாவது புளூ யோடல். அத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது.

யோடல் என்பது இயல்பான குரலைத் திடீரென்று மேலே எழுப்பி, மீண்டும் கீழே இறக்கும் முறை. கிஷோர் குமாரின் ஹிந்திப் பாட்டுகளைக் கேட்டோர் இதனை எளிதில் உணர்வர். கறுப்பின மக்களின் துயர இசையையும், மலைநாட்டு வெள்ளையரின் பாட்டையும், இந்த யோடலையும் ஜிம்மி ஒருங்கு கலந்தார். வெயிட்டிங் ஃபார் எ டிரெயின் என்னும் பாட்டு, கையில் காசின்றிச் சரக்கு வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஏழையின் கதை. இரயில்வேக்காரராயிருந்தும் அவர் இறக்கிவிட்ட பிரேக்மேன் பக்கம் நில்லாது, இறக்கப்பட்டவன் பக்கம் நின்று பாடினார்! 1929இல் எடுத்த குறும்படத்தில் பிரேக்மேன் உடையிலேயே தோன்றினார். 1930இல், நிற வேற்றுமை கடுமையாயிருந்த அக்காலத்தில், லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் இசைக்க ஒன்பதாவது புளூ யோடலைப் பதிந்தார். ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் தட்டில் இடம்பெறவில்லை.

வந்த செல்வம் நிலைக்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் கட்டிய பெரிய வீட்டை விற்க நேர்ந்தது. பொருளாதார மந்தத்தால் தட்டு விற்பனையும் விழுந்தது. தம்மை அரிக்கும் நோயையே பொருளாக்கி 1931இல் ஒரு பாட்டுப் பாடினார்.

1933ஆம் ஆண்டு மே மாதம், தம் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்தே, தாதி ஒருத்தியுடன் அவர் நியூயார்க் சென்றார். குடும்பத்துக்கு ஏதேனும் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற கவலை அவருக்கு. பதிவுக்கூடத்திலேயே ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டுப் பாடுவார். படுத்து மூச்சு வாங்குவார். எழுந்து அடுத்ததைப் பாடுவார். 24ஆம் நாள் கடைசிப் பாட்டு முடிந்தது. 26ஆம் நாள் ஓட்டல் அறையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அவர் உடலை இரயில்வண்டியே மெரிடியனுக்குச் சுமந்து சென்றது. இரவில் ஊரை நெருங்குகையில் டிரைவர் விசிலைத் தாழ்ந்த ஒலியில் நெடுநேரம் ஊதிக்கொண்டே வந்தார் என்பர்.

1961இல் நாட்டுப்புற இசைப் புகழ்மன்றம் முதன்முதலாகத் தேர்ந்த மூவரில் அவர் ஒருவர். 1986இல் ராக் இசைப் புகழ்மன்றமும் அவரை முன்னோடியென ஏற்றது. பாடத் தொடங்கிய பின் அவருக்குக் கிடைத்தவை ஆறே ஆண்டுகள். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்தார்.

இன்று ஆறு மாதம் தவறாமல் மருந்துண்டால் காசநோய் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. அன்று அவ்வசதியிருந்தால் ஜிம்மி மீண்டும் பிரேக்மேனாகவே போயிருப்பாரோ, என்னவோ! வேலை போனதென்று மனமுடைந்து நிற்கும் அன்பர் எவரேனும் நம்மிடை இருப்பின், கட்டிலிலிருந்து எழுந்து எழுந்து பாடிய அந்த இரயில்வேத் தோழரை ஒருகணம் நினைத்துக்கொள்வாராக.